ராத்திரி ஒன்பதரைக்கு ஃபியூஸ் பிடுங்குவார்களாம்: அம்மாவின் இன்பாக்ஸைச் சரிசெய்த ஆறு வாரம்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டேகால் மணிக்கு அம்மா உறையூரிலிருந்து கூப்பிட்டார். குரலில் நடுக்கம்.

"ஏம்ப்பா, ஈ.பி. பில்லு கட்டினியா இல்லையா? ஒன்பதரைக்கு ஃபியூஸ் பிடுங்கப் போறாங்களாம், மெசேஜ் வந்திருக்கு. ரெண்டு தடவை அந்த ஆபீசருக்குப் போன் போட்டேன், பிஸியாவே இருக்கு."

பிஸியாக இருந்ததுதான் எங்கள் அதிர்ஷ்டம். "அம்மா, திரும்பப் போடாத, நான் சொல்ற வரைக்கும் அந்த நம்பரைத் தொடாத" என்று சொல்லிவிட்டு, மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு சாதாரண பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து, ஆங்கிலத்தில் வந்திருந்தது. போன மாத பில் பதிவில் ஏறவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின்வாரிய அதிகாரியை இந்த எண்ணில் கூப்பிடவும் என்ற அதே பழைய வாசகம். 2022லேயே தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. மின்வாரியமும் காவல்துறையும் அப்போதே எச்சரித்தார்கள். கூப்பிட்டால் எதிர்முனையில் பேசுகிறவர் பணிவாகப் பேசி, ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்வார், அது உங்கள் போன் திரையை அவர் பார்ப்பதற்கான செயலி, அப்புறம் சும்மா பத்து ரூபாய் கட்டிப் பாருங்கள் என்பார், நீங்கள் பத்து ரூபாய் கட்டும்போது உங்கள் ரகசிய எண் அவருக்குத் தெரிந்துவிடும், கணக்கு காலியாகிவிடும்.

இதில் என்னை உறுத்தியது வேறு ஒரு விஷயம். அம்மா முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், ஈ.பி. கார்டை இன்னும் பத்திரமாக டிராயரில் வைத்திருப்பவர். தமிழ்நாட்டில் வீட்டுக்கு ரீடிங் எடுப்பதே இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான், அதில் "போன மாத பில்" என்று ஒன்று எங்கிருந்து வரும் என்று அவருக்குத் தெரியாதா? எந்த லைன்மேன் ராத்திரி ஒன்பதரைக்கு ஃபியூஸ் பிடுங்க வருகிறார்? நிதானமாக இருந்திருந்தால் அவரே சிரித்திருப்பார். அதைவிட, அந்த முறை பில்லை நான் ஆன்லைனில் கட்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. கட்டியதற்கான ரசீது மெசேஜ் அம்மாவின் எண்ணுக்குத்தான் போயிருந்தது. ஆதாரம் அவர் கையிலேயே இருந்தது. ஆனால் அதற்கு மேலே நூற்றைம்பது மெசேஜ் குவிந்து கிடந்தது.

ஸ்பாம் மெசேஜ் என்றால் தொல்லை, எரிச்சல் என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். அம்மாவுக்கு நடந்தது அதைவிட மோசம். குப்பை அவ்வளவு சேர்ந்ததால் அவர் மெசேஜ் பார்ப்பதையே விட்டுவிட்டார். டிங் என்றால் விரலால் ஒதுக்கித் தள்ளுவார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி வாசலில் நின்று "கோடு சொல்லுங்கம்மா" என்று கேட்டபோது அந்த கோடு எங்கே என்று தெரியாமல் தவித்து, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணைக் கூப்பிட்டுத் தேடச் சொன்ன கதை ஏற்கெனவே இரண்டு தடவை நடந்திருந்தது. உண்மையான மெசேஜ் எதுவும் கண்ணில் படாது, ஆனால் "ஃபியூஸ்" என்று கத்துகிற பொய் மெசேஜ் மட்டும் படும். மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு திருச்சிக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, கடைசி முப்பது நாளில் வந்த மெசேஜ்களை நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். 611. அதில் அம்மாவுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டவை 47. மீதி எல்லாம் ஒரே வகை என்றுதான் நினைத்திருந்தேன், எண்ணும்போதுதான் தெரிந்தது, இது ஐந்தாறு வேறு வேறு வாய்க்கால்களில் வருகிற தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் மடை வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் பிளாக் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் அம்மாவுக்காக இருநூறு பெயருக்கு மேல் பிளாக் செய்து வைத்திருந்தாள். பாவம், எவ்வளவு பொறுமை. பயன் கிட்டத்தட்ட இல்லை. ஒரு நிறுவனம் பல அனுப்புநர் பெயர்களைப் பதிவு செய்துகொள்ளலாம், ஒன்றை அடைத்தால் இன்னொன்றில் வரும். பத்து இலக்க எண்காரன் சிம்மையே தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பான்.

இப்போது அனுப்புநர் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்வது முக்கியம். நிறுவனங்கள் அனுப்பும் மெசேஜில் முதலில் இரண்டு எழுத்து இருக்கும், முதல் எழுத்து எந்த மொபைல் நிறுவனம் வழியாக வருகிறது என்பதையும் இரண்டாவது எந்தத் தொலைத்தொடர்பு வட்டம் (மொபைல் நிறுவனங்கள் நாட்டைப் பிரித்திருக்கும் பகுதி) என்பதையும் சொல்லும். அப்புறம் ஒரு கோடு, நிறுவனத்தின் அடையாளம், மறுபடி ஒரு கோடு, கடைசியில் ஒரே ஒரு ஆங்கில எழுத்து. அந்தக் கடைசி எழுத்து 2025இல் வந்தது. பி (P) என்றால் விளம்பரம், எஸ் (S) என்றால் சேவை, டி (T) என்றால் பணப் பரிவர்த்தனை, ஜி (G) என்றால் அரசாங்கம். இதை அம்மாவுக்கு ஒரு தாளில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினேன். பத்து இலக்க எண்ணிலிருந்து "வங்கி", "மின்வாரியம்", "கூரியர்" என்று எது வந்தாலும் அது பொய் என்று அதற்குக் கீழே சிவப்பு மையில் எழுதினேன்.

சரி, முதல் வாய்க்கால், விளம்பரம். இதற்கு டி.என்.டி. பதிவு, அதாவது "தொந்தரவு செய்யாதே" என்று மொபைல் நிறுவனத்திடம் பதிந்துவைப்பது. ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, பூஜ்யம் போட்டு 1909க்கு அனுப்பினால் எல்லா வகை விளம்பரமும் தடை. கட்டணம் கிடையாது. பூஜ்யத்துக்குப் பதிலாக 1 போட்டால் வங்கி, காப்பீடு, கடன் வகை மட்டும், 2 போட்டால் ரியல் எஸ்டேட் மட்டும் என்று பிரித்தும் செய்யலாம். அம்மா இதற்கு லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

"எல்லாத்தையும் அடைச்சுட்டா ஓ.டி.பி. வராதேப்பா? அன்னிக்கு ஒரு நாள் பென்ஷன் எடுக்க முடியாம நின்னேனே."

அவர் சொன்ன நாள் எது என்று யோசித்துப் பார்த்தேன். 2021 மார்ச் 8. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிப்படி, வணிக மெசேஜ் அனுப்புகிற ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரையும் மெசேஜின் வாசக அமைப்பையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பதிவோடு பொருந்தாத மெசேஜை மொபைல் நிறுவனத்தின் சல்லடை தடுத்துவிடும். அந்தச் சல்லடையை முழுதாக ஓட விட்ட அன்று, வாசகத்தை ஒழுங்காகப் பதிவு செய்யாத வங்கிகளின் ஓ.டி.பி. எல்லாம் மாட்டிக்கொண்டு நாடு முழுக்கப் பரிவர்த்தனைகள் தடைபட்டன, டிராய் ஒரு வாரத்துக்கு அதை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. ஆக அம்மாவின் பயம் வெறும் பயம் அல்ல. ஆனால் அதற்கும் டி.என்.டி.க்கும் சம்பந்தமில்லை. முழுத் தடை போட்டாலும் ஓ.டி.பி., வங்கிக் கணக்கு மெசேஜ், சிலிண்டர் கோடு எல்லாம் வரும். இதை விளக்கியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, பதிவு செய்துவிட்டு அவர் கண் முன்னாலேயே ஐம்பது ரூபாய் அனுப்பி, ஓ.டி.பி. வந்ததைக் காட்டிய பிறகுதான் சரி என்றார். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்யும்போதும் இப்படிக் காட்டிவிடுங்கள், வாய்ச்சொல் போதாது.

ஒரு வாரத்தில் பி என்று முடிகிற மெசேஜ்கள் பாதிக்கு மேல் குறைந்தன. மீதி ஏன் நிற்கவில்லை? அங்கேதான் கடைக் கவுன்ட்டர் வருகிறது. என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை, ஒரு நகைக்கடை, ஒரு மருந்துக்கடை, மூன்றிலும் பில் போடும்போது "நம்பர் சொல்லுங்கம்மா" என்று கேட்டிருக்கிறார்கள், அம்மாவும் சொல்லியிருக்கிறார். ஒரு கடையில் சிறிய தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள், அது குலுக்கல் கூப்பன் என்று அம்மா நினைத்தார். நீங்கள் சம்மதம் கொடுத்ததாக ஒருவரிடம் பதிவு இருந்தால் டி.என்.டி. அவரைத் தடுக்காது. பில் கொடுப்பதற்கு மொபைல் எண் கட்டாயம் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியது. நடைமுறையில் அந்தக் கவுன்ட்டர் பெண்ணுக்கு இது தெரியாது, கம்ப்யூட்டர் எண் கேட்கிறது, அவள் கேட்கிறாள், அவ்வளவுதான். அவளிடம் கோபப்பட்டுப் பயனில்லை. "நம்பர் இல்லாம பில் போடுங்க" என்று அமைதியாக நின்றால், ஒரு நிமிஷத்தில் மேனேஜர் வந்து போட்டுத் தருவார். அம்மா இதை இப்போது நன்றாகச் செய்கிறார். ஏற்கெனவே கொடுத்த இடங்களில் சம்மதத்தைத் திரும்பப் பெற வேண்டும், விளம்பர மெசேஜில் விலகிக்கொள்ள வழி தர வேண்டும் என்பதும் அந்த டிராய் விதிக்கு 2025இல் வந்த திருத்தத்தில் இருக்கிறது, விலகிய பிறகு தொண்ணூறு நாளைக்கு மறுபடி சம்மதம் கேட்டு நச்சரிக்கக் கூடாது. ஜவுளிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் அது வேலை செய்தது.

ஒரு எச்சரிக்கை. விலகிக்கொள்கிறேன் என்று பதில் போடுவதெல்லாம் பதிவு பெற்ற அனுப்புநர் பெயரோடு வருபவர்களுக்கு மட்டும்தான். பத்து இலக்க எண்ணுக்கு எந்தப் பதிலும் போடாதீர்கள், "இந்த நம்பரில் ஆள் இருக்கிறது" என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும்.

இரண்டாவது வாய்க்கால் எனக்கே புதிது. தினமும் ஐந்தாறு மெசேஜ், கம்பெனி லோகோவோடு, பச்சை நீலப் படங்களோடு, பெயருக்குப் பக்கத்தில் டிக் குறியோடு வந்துகொண்டே இருந்தன, டி.என்.டி. அதைத் தொடவே இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது, அவை எஸ்.எம்.எஸ்.ஸே இல்லை. ஆர்.சி.எஸ். என்கிற வேறு முறை, இன்டர்நெட் வழியாக வருவது, கூகுளின் மெசேஜ் செயலியில் எஸ்.எம்.எஸ்.ஸோடு கலந்து ஒரே பட்டியலில் தெரியும். 2022இல் இந்தியாவில் இந்த வழியில் விளம்பரம் அளவுக்கு மீறிப் போய், கூகுளே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. செயலியின் அமைப்புகளில் ஆர்.சி.எஸ். சாட்ஸ் என்று இருக்கும், அதை அணைத்தேன். அன்றோடு நின்றது. அம்மாவுக்கு யாரும் அந்த வழியில் படமோ வீடியோவோ அனுப்புவதில்லை, சொந்தக்காரர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

அதே போலத் திரையின் நடுவில் திடீரென்று ஒரு பெட்டி குதிக்கும், ஓகே அழுத்தினால் ஏதோ ஒரு பாட்டுச் சேவை ஒட்டிக்கொள்ளும், பேலன்ஸ் கரையும். இது சிம்முக்குள்ளிருந்தே வருகிறது. போனில் சிம் டூல்கிட் என்று ஒரு ஐகான் இருக்கும், யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். அதற்குள் போய் இந்தப் பாப்-அப் சேவையை நிறுத்தலாம். இரண்டு நிமிஷ வேலை.

மூன்றாவது கொஞ்சம் சோகமானது. "அன்புள்ள திரு. இன்னார், உங்கள் தவணை பாக்கி" என்று ஒரு ஆண் பெயரில் வாரத்துக்கு நாலைந்து மெசேஜ். எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை. அம்மா 2019இல்தான் இந்த எண்ணை வாங்கினார், அவருக்கு முன் அது வேறு ஒருவருடையது. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து மொபைல் நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுக்கலாம், அப்படி வந்த எண். கடன் கொடுத்தவரின் பதிவேட்டில் இன்னும் இந்த எண்தான் இருக்கிறது. இவை எஸ், டி என்று முடியும், டி.என்.டி. தடுக்காது, தடுக்கவும் கூடாது, ஏனென்றால் அந்த மனிதருக்கு இது அவசியமான தகவல். அவருக்குப் போய்ச் சேர வேண்டிய எச்சரிக்கை இத்தனை வருஷமாக உறையூரில் ஒரு பாட்டியின் போனில் விழுந்துகொண்டிருந்தது. கடன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினேன், இந்த எண் இப்போது வேறு ஒருவருடையது, சிம் வாங்கிய தேதி இது, நீக்கவும் என்று. இரண்டு தடவை பதில் இல்லை. மூன்றாவது தடவை, நீக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று ஒரு வரி சேர்த்தேன், நாலு நாளில் நின்றது.

இனி பத்து இலக்க எண்கள். எண்ணிக்கையில் இவை குறைவு, 611இல் வெறும் 38. ஆபத்தெல்லாம் இவற்றில்தான். பதிவு பெற்ற வழியில் அனுப்பினால் முன்கூட்டியே அனுமதி வாங்காத இணைப்பு உள்ள மெசேஜ் 2024 அக்டோபர் 1 முதல் தடுக்கப்படுகிறது, அதனால் மோசடிக்காரர்களுக்குச் சாதாரண சிம் தேவைப்படுகிறது. இவர்களுக்கு எதிராக நம்மிடம் இருக்கிற ஒரே ஆயுதம் புகார்.

புகார் கொடுக்கிற முறை எளிது. மெசேஜின் வாசகம், காற்புள்ளி, அனுப்பிய எண், காற்புள்ளி, வந்த தேதி, இதை அதே போனிலிருந்து 1909க்கு அனுப்ப வேண்டும். டிராயின் டி.என்.டி. செயலியிலும் செய்யலாம். மெசேஜ் வந்து ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும், முன்பு மூன்று நாள்தான் இருந்தது. நான் முதல் வாரம் ஒன்பது புகார் அனுப்பினேன், அதில் இரண்டு நிராகரிக்கப்பட்டன, தேதியை விட்டுவிட்டேன், அவ்வளவுதான் காரணம். மோசடி என்று சந்தேகம் இருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதி இருக்கிறது, 2024 மார்ச்சில் தொடங்கினார்கள், அங்கேயும் ஸ்கிரீன்ஷாட்டோடு பதியலாம். பணமே போய்விட்டால் இதெல்லாம் வேண்டாம், அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள்.

பலர் கேட்பார்கள், நான் ஒருத்தன் புகார் கொடுத்து என்ன ஆகப் போகிறது என்று. நானும் அப்படித்தான் இருந்தேன். விதியைப் படித்த பிறகு மாறினேன். பதிவு பெறாத ஒரு எண்ணின் மேல் முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் சேர்ந்தால்தான் கை வைப்பார்கள், 2025 திருத்தத்துக்குப் பிறகு பத்து நாளில் ஐந்து போதும். நடவடிக்கைக்கு அப்போது முப்பது நாள், இப்போது ஐந்து நாள். முதல் தடவை மாட்டினால் பதினைந்து நாள் வெளியே பேசவோ அனுப்பவோ முடியாது, மறுபடி மாட்டினால் அவர் பெயரில் உள்ள எல்லா இணைப்பும் ஒரு வருஷத்துக்குத் துண்டிப்பு. ஐந்தே பேர். நான் பிளாக் செய்தால் அந்த எண் என் வீட்டுக்கு மட்டும் வராது, அடுத்த வீட்டு மாமிக்குப் போகும். புகார் கொடுத்தால் அந்த ஐந்தில் ஒன்று குறைகிறது.

அந்த ஈ.பி. மெசேஜை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தேன். தெருவில் விசாரித்தால், அதே வாரம் இன்னும் நாலு பேருக்கு அதே மெசேஜ் வந்திருந்தது: மளிகைக்கடை அண்ணன், கோயிலில் அம்மாவோடு உட்காரும் இரண்டு பேர், எதிர்வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். மளிகைக்கடை அண்ணன் "நாம எல்லாம் ஏமாறுவோமா தம்பி" என்று அழித்துவிட்டிருந்தார். கோயிலில் ஒருவர் பயந்து அழித்துவிட்டிருந்தார். மீதி இரண்டு பேரிடம் மெசேஜ் இருந்தது, அதில் ஒன்று மட்டும்தான் அம்மாவுக்கு வந்த அதே எண், மற்றது வேறு. ஆக எங்கள் தெருவிலிருந்து அந்த எண்ணுக்கு இரண்டு புகார்தான் தேறியது. மீதி மூன்றை ஊரில் வேறு யாரோ கொடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆறாம் நாள் நடவடிக்கை எடுக்கப்பட்டதாக இரண்டு பேருக்கும் பதில் வந்தது. அந்த முகம் தெரியாத மூன்று பேருக்கு நான் உண்மையிலேயே நன்றி சொல்கிறேன். தயவுசெய்து அழிக்காதீர்கள், நீங்கள் ஏமாறவில்லை என்பது சந்தோஷம், ஆனால் அழிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் எடுத்து 1909க்கு அனுப்பிவிடுங்கள்.

ஆறு வாரம் முடிந்த பிறகு மறுபடி முப்பது நாள் எண்ணினேன். 611 இருந்த இடத்தில் 94. தேவையானவை அப்போதும் ஐம்பதுக்குப் பக்கம்தான், அதாவது இப்போது வருகிற இரண்டில் ஒன்று அம்மாவுக்கானது. மீதியில் பெரும்பகுதி மொபைல் நிறுவனம் தானே அனுப்புவது, டேட்டா பாதி தீர்ந்தது, பேக் முடிய மூன்று நாள் இருக்கிறது, இரண்டு நாள் இருக்கிறது, நாளை முடிகிறது என்று. இதை என்னால் நிறுத்த முடியவில்லை. சேவைத் தகவல் என்ற பெயரில் வருகிற கடன் ஆசை காட்டும் மெசேஜ்களும் அவ்வப்போது எட்டிப் பார்க்கின்றன, "உங்களுக்கு மூன்று லட்சம் தயார்" என்று சொல்லிவிட்டு எஸ் என்று முடிகிறது, அது எப்படிச் சேவையாகும் என்று ஒவ்வொன்றுக்கும் புகார் போட்டுக்கொண்டிருக்கிறேன், பாதி ஏற்கப்படுகிறது, பாதி இல்லை.

நகைக்கடை மட்டும் மசியவே இல்லை. மூன்று தடவை விலகியும் அட்சய திருதியைக்கு வந்தது. அம்மா அந்தக் கையெழுத்துத் தாளின் நகலைக் காட்டச் சொல்லிக் கேட்க அடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்கே போகிறாராம், நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.